முப்பத்தைந்து டொலர்க் கணினி

2025 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட றாஸ்பெரி பை நிறுவனம் தனது சிறு கணினிகளின் விலைப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. ஐந்தாம் மொடலில் 16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட பலகை 120 டொலரிலிருந்து 145 டொலராக உயர்ந்தது. 8 ஜிகாபைட் பலகை 80 இலிருந்து 95 ஆயிற்று. 4 ஜிகாபைட் பலகை 60 இலிருந்து 70 ஆயிற்று. உயர்வுக்கு முன்னும் பின்னும் பலகை அதே பலகைதான். அதனைச் செய்யும் ஆலையும் அதே ஆலைதான். அங்ஙனமாயின் விலை ஏறியது எதனால்?

இவ்வினாவுக்கு விடை தேட முற்படுவோர், அப்பலகை இதுகாறும் மலிவாய் இருந்தது எதனால் என்ற வினாவையும் உடன் எழுப்பியே ஆகவேண்டும். ஏனெனில், மலிவாய் இருப்பதற்கென்றே பிறந்த பொருள் இது.

அதன் பிறப்பு ஆசிரியர்களின் கவலை ஒன்றிலிருந்து நிகழ்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் பயில விண்ணப்பிப்போர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வந்தது. வந்தவர்களிடமும் கணினியைக் கையாண்டு பழகிய அனுபவம் குன்றியிருந்தது. 1980 களிற் பிரித்தானியப் பிள்ளைகள், பி.பி.சி. மைக்ரோ போன்ற சிறு கணினிகளின் முன் அமர்ந்து, தாமே நிரல் எழுதிப் பழகியவர்கள். பின்வந்த தலைமுறைக்கு வாய்த்தவை விளையாட்டுப் பெட்டிகளும், பெற்றோர் தொடவிடாத விலையுயர்ந்த வீட்டுக் கணினிகளுமே. பிள்ளை உடைத்தாலும் பெற்றோர் பெரிதாய் வருந்தாத விலையில் ஒரு கணினி செய்ய இயலுமா என்று ஈபன் அப்டனும் அவருடைய தோழர்களும் எண்ணினர். 2009 இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 2012 பெப்ரவரி 29 ஆந் திகதி முதற் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டொலர்.

திரை இல்லை, விசைப்பலகை இல்லை, பெட்டிகூட இல்லை. ஒரே சுற்றுப் பலகையின்மீது செயலியும் நினைவகமும் இணைப்புவாய்களும் பொருத்தப்பட்டிருந்தன, அவ்வளவே. பத்தாயிரம் பலகை செய்தாற் போதும் என்று எண்ணித் தொடங்கியவர்கள், முதல் நாளிலேயே விற்பனையாளரின் இணையத்தளங்கள் நெரிசலில் முடங்கியதைக் கண்டனர். ஆளுக்கு ஒன்று என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை அன்றே தோன்றிவிட்டது.

அப்பலகையைப் பிரித்தானியாவிலேயே செய்யவேண்டுமென்று அறக்கட்டளையினர் விரும்பினர், இயலவில்லை. கூலி மட்டும் அதற்குக் காரணமன்று. வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகங்களைத் தருவித்து உள்நாட்டிற் பொருத்துபவன் அப்பாகங்களுக்குத் தீர்வை செலுத்த வேண்டும். அதே பாகங்கள் வெளிநாட்டிலேயே பொருத்தப்பட்டு முழுக் கணினியாய் வந்திறங்கினாற் தீர்வை இல்லை. உள்ளூர்த் தொழிலைத் தண்டித்து அந்நியத் தொழிலுக்குப் பரிசளிக்கும் இத்தகைய விதிகள் சிறு நாடுகளில் மட்டுந்தான் உண்டென்று நினைப்போர், கைத்தொழிற் புரட்சியின் தாயகத்தையும் சற்று நோக்குதல் நன்று. எனவே முதற் பலகைகள் சீனாவிலேயே செய்யப்பட்டன. அங்கும் ஒரு தடை நேர்ந்தது. வலையமைப்பு வடத்தைச் செருகும் வாயினுள்ளே காந்தச் சுருள்கள் இருத்தல் வேண்டும். ஆலையினர் அவை இல்லாத வேறொரு வாயைப் பொருத்திவிட்டனர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அவற்றைக் கழற்றிச் சரியானவற்றைப் பொருத்தி முடியும்வரை, காத்திருந்தோர் மேலும் காத்திருந்தனர். அதே ஆண்டிற் சோனி கம்பனியின் வேல்ஸ் நாட்டுப் பென்கோயிட் ஆலைக்கு உற்பத்தி மாறிற்று. முன்பு தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்த ஆலை அது. இயந்திரங்களைக் கொண்டு பெருந்தொகையாய்ச் செய்யும்போது, வேல்ஸ் நாட்டுக் கூலியும் கட்டுபடியாயிற்று.

இனி, முப்பத்தைந்து டொலர் எதற்கெதற்குச் செல்கிறது என்பதைப் பார்ப்போம். கணினி ஒன்றின் உற்பத்திச் செலவை இரு கூறாக நோக்கலாம். பொருளியல் மாணவர் நன்கறிந்த நிலையான செலவும் மாறும் செலவுமே அவை. செயலி சிப்பை வடிவமைக்கும் பொறியியலாளரின் ஊதியம், சிப்பின் நுண்கோலங்களைச் சிலிக்கனிற் பதிப்பதற்கான மூலத் தகடுகள், மென்பொருள் எழுதுவோர், வானொலி அலைகளைப் பற்றிய அரசாங்கச் சோதனைகள் ஆகிய யாவும் முதலாவது வகை. ஒரு பலகை செய்தாலும் ஒரு கோடி பலகை செய்தாலும் அச்செலவு பெரிதும் மாறுவதில்லை. பத்தாயிரம் பலகையின்மீது அதனை ஏற்றினால் ஒவ்வொன்றும் யானை விலை. கோடியின்மீது ஏற்றினால் அது கண்ணுக்கே புலப்படாது. றாஸ்பெரி பையின் முதற் செயலி இன்னும் நுட்பமான வழியால் மலிவாயிற்று. அது புரோட்கொம் கம்பனி வேறு சாதனங்களுக்கென வடிவமைத்த சிப். அப்டன் அக்கம்பனியிலேயே பணியாற்றியவர். வடிவமைப்பின் பெருஞ்செலவை ஏற்கெனவே வேறெவரோ சுமந்துவிட்டிருந்தனர்.

இரண்டாவது வகை பலகைக்குப் பலகை கூடுவது: சிப்கள், சுற்றுப் பலகை, இணைப்புவாய்கள், பொருத்துக் கூலி, சோதனை, பொதி, விற்பனையாளர் பங்கு. இங்கே சதக் கணக்குத்தான் அரசு செலுத்துகிறது. 2023 ஆம் ஆண்டில் இக்கம்பனி விற்ற பலகைகள் ஏறக்குறைய 74 இலட்சம். பலகை ஒன்றில் ஒரு சதத்தை மிச்சம் பிடித்தால் ஆண்டுக்கு 74,000 டொலர் மிஞ்சும். ஐந்தாம் மொடலில் இணைப்புவாய்களை உருகிய ஈயத் தொட்டியில் தனியே ஒட்டும் படிமுறையை நீக்கி, ஏனைய பாகங்களோடு ஒரே சூளையில் ஒட்டும் முறையைக் கைக்கொண்டதன் பொருள் இதுவே. அவ்வாண்டின் கணக்கை நோக்குமிடத்து, வருமானம் 26 கோடி டொலருக்கு மேல். அதில் ஏறக்குறைய முக்காற் பங்கு பண்டங்களின் ஆக்கச் செலவுக்கே போயிற்று. எஞ்சிய காற்பங்கிலேதான் ஆராய்ச்சியும் ஊதியமும் இலாபமும். ஆகவே, பாகங்களின் விலை பெரிதாய் ஏறினால் அதனை விழுங்கிக்கொண்டு மௌனமாய் இருக்கக்கூடிய வயிறு இக்கம்பனிக்கு இல்லை.

பிள்ளைகளுக்கென்று பிறந்த இப்பலகையைத் தொழிலதிபர்கள் கண்டுகொள்ள அதிக காலம் செல்லவில்லை. ஆண்டுக்கு ஐந்நூறு கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து விற்கும் சிறு தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கருவிக்குள்ளே ஒரு கணினி வேண்டும். அதனைத் தானே வடிவமைப்பதானால் ஒரு பொறியியலாளர் குழுவையும், சோதனைச் சான்றிதழ்களையும், ஆயிரக் கணக்கிலன்றி விற்கப்படாத சிப்களையும் அது வாங்கவேண்டும். ஐந்நூறு கருவிகள் அச்சுமையைத் தாங்கா. கடையில் முப்பத்தைந்து டொலருக்குக் கிடைக்கும் பலகையோ சோதித்து முடிந்தது; மென்பொருள் எழுதி முடிந்தது; பழுதானால் நாளை இன்னொன்று வாங்கலாம். தறியும் பாவும் தன்னுடையனவாயினும் நூலைப் பிறரிடம் வாங்கும் நெசவாளி போல, சிறு உற்பத்தியாளன் இப்பலகையை மூலப்பொருளாகக் கொண்டான். பெரியவர்களும் பின்தொடர்ந்தனர். யப்பானின் என்.ஈ.சி. கம்பனி தன் விளம்பரத் திரைகளுக்குள்ளும், கோர்க் கம்பனி தன் இசைக்கருவிகள் சிலவற்றினுள்ளும் இதனைப் பொருத்தின. தொழிற்சாலைகளுக்கென்றே, இணைப்புவாய்கள் நீக்கிய கையடக்கக் கணிப்புத் துண்டு ஒன்று 2014 இல் வெளியிடப்பட்டது. 2023 ஆம் ஆண்டு விற்பனையில் நூற்றுக்கு 72 பங்கு தொழில்துறைக்கே சென்றதெனக் கம்பனியின் பங்கு வெளியீட்டு ஆவணம் கூறுகிறது. பள்ளிச் சிறுவனுக்கும் ஆர்வலனுக்கும் எஞ்சியது 28.

இம்மாற்றத்தை இழிவாகக் கூறுதல் முறையன்று. தொழில்துறை வாங்கிய இலட்சக் கணக்கான பலகைகளே நிலையான செலவைப் பங்கிட்டுச் சிறுவனின் பலகையையும் மலிவாய் வைத்தன. இருவரும் ஒரே கிணற்றில் நீரள்ளினர். அள்ள அள்ள ஊறிற்று. கிணறு வற்றியபோது யாருக்கு முதற் குடம் என்ற வினா எழுந்தது.

2020 இற் பெருந்தொற்று வந்தபோது மோட்டார் வாகனக் கம்பனிகள் தங்கள் சிப் கட்டளைகளை இரத்துச் செய்தன. வீட்டிலிருந்து வேலை செய்வோர் கணினிகளை வாங்கிக் குவித்தனர். வாகனக் கம்பனிகள் திரும்பி வந்தபோது ஆலைகளில் இடமில்லை. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கி அங்குள்ள சிப் ஆலைகளை நிறுத்திற்று; மார்ச்சில் யப்பானின் றெனேசாஸ் கம்பனியின் ஆலையொன்று தீப்பற்றியது. இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. றாஸ்பெரி பையின் முதல் மூன்று தலைமுறைச் செயலிகளும் 40 நனோமீற்றர் என்னும் பழைய நுட்பத்திற் செய்யப்பட்டவை. பழைய நுட்பம் மலிவானது. ஏனெனில் அவ்வாலைகளின் முதலீடு என்றோ மீட்கப்பட்டுவிட்டது. அதே காரணத்தால், அந்நுட்பத்துக்குப் புதிய ஆலை கட்ட எவரும் முன்வருவதில்லை. மலிவாக்கிய பழைமையே தட்டுப்பாட்டுக்கும் வித்தாயிற்று. 2021 ஒக்டோபரில் வரலாற்றில் முதன்முறையாக விலை உயர்த்தப்பட்டது: நான்காம் மொடலின் 2 ஜிகாபைட் பலகை 35 டொலரிலிருந்து 45 டொலராயிற்று. இது தற்காலிக ஏற்பாடென அறிவிக்கப்பட்டது.

ஆயினும் விலையைவிடப் பெரிய துன்பம், பண்டமே கிடையாமை. 2022 ஏப்ரலில் அப்டன் வெளியிட்ட அறிக்கையின்படி, மாதந்தோறும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பலகைகள் செய்யப்பட்டே வந்தன. கேள்வியோ அதனை எங்கோ விஞ்சி நின்றது. பொருளியல் நூல்களிற் கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் புள்ளிவரை விலை ஏறித் தட்டுப்பாடு தீரும். இங்கே பட்டியல் விலை அவ்வளவு ஏறவில்லை. கம்பனி ஏற்றாததைப் பதுக்கல்காரர் ஏற்றினர். பட்டியல் விலையின் இரண்டு மூன்று மடங்குக்குப் பலகைகள் கைமாறின. எந்தக் கடையில் எப்போது கையிருப்பு வருகிறதெனக் கண்காணித்துச் சொல்வதற்கென்றே ஓர் இணையத்தளம் தோன்றியதென்றால் நிலைமையை உணரலாம். இரண்டாயிரம் டொலர் பெறும் கருவி, முப்பத்தைந்து டொலர்ப் பலகை ஒன்று இல்லாமையால் ஆலை வாசலைத் தாண்டாது கிடந்தது. அச்சாணி எவ்வளவு சிறிதாயினும் அது இன்றித் தேர் நகராது.

வேறு பலகைக்கு மாறியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சீனாவிலும் பிறவிடங்களிலும் இதனையொத்த பலகைகள் இல்லாமலில்லை; சில விரைவிலும் ஆற்றலிலும் மேலானவை. ஆனால், பலகை மாறினால் மென்பொருளைத் திருத்த வேண்டும்; பெட்டியின் துளைகளை மாற்றவேண்டும்; சோதனைச் சான்றிதழை மீண்டும் பெறவேண்டும். ஓராண்டு உழைப்பு அதிற் கழியும். பெருங்கம்பனி அதனைத் தாங்கும். மலிவு கருதி ஒரே கடையை நம்பிய சிறு உற்பத்தியாளனுக்கு, அம்மலிவின் மறைந்திருந்த விலை அன்றுதான் தெரிந்தது.

அந்நிலையிற் கம்பனி ஒரு முடிவெடுத்தது. இப்பலகையை நம்பி வாழ்க்கை நடத்தும் தொழில்களுக்கே முதலிடம், தனியாட்களுக்கு எஞ்சியது. அதற்குக் கூறப்பட்ட நியாயம் எளிதிற் தள்ளிவிடத்தக்கதன்று. ஆர்வலன் இழப்பது சில மாதப் பொழுதுபோக்கு. ஆலை இழப்பதோ தொழிலாளரின் ஊதியம். நாம் அவ்விடத்தில் இருந்திருந்தாலும் பெரும்பாலும் அதே முடிவையே எடுத்திருப்போம். எனினும், அந்நியாயத்துக்குள் ஒரு கோணல் இருப்பதை மறுத்தல் இயலாது. ஆலையின் இழப்புக் கணக்கேட்டில் எழுதப்படும், முதலாளி முறையிடுவான், பத்திரிகை அதனை வெளியிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அவ்வாண்டு கணினியைத் தொடாது போனால் அவ்விழப்பு எந்த ஏட்டிலும் ஏறாது. அப்பிள்ளைக்கே அது தெரியாது. எண்ணக்கூடிய இழப்பையும் எண்ணமுடியாத இழப்பையும் தராசில் இட்டால், எண்ணக்கூடியதே எப்போதும் கனக்கும். பிள்ளைகளுக்கென்று பிறந்த அமைப்பு, தட்டுப்பாடு தொடங்கிய நாளிலேயே பள்ளிகளுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கலாம் என்பது நமது கருத்து. 2022 டிசம்பரிலேதான், தனித்தனியே வாங்குவோருக்கென ஓர் இலட்சம் பலகைகள் ஒதுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நீதி வழுவாது இன்னொன்றையும் கூறவேண்டும்: 2023 இறுதியில் ஐந்தாம் மொடல் வெளிவந்தபோது, ஆண்டு முடியும்வரை தனியாட்களுக்கே முதலிடம் என்று கம்பனி முறையைத் திருப்பி வைத்தது.

இத்தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு சிறு பலகை மட்டும் தட்டின்றிக் கிடைத்தது. 2021 தொடக்கத்தில் வெளிவந்த பைக்கோ என்னும் அது முழுக் கணினி அன்று. விளக்கையும் மோட்டாரையும் ஆட்டுவிக்கும் நுண்கட்டுப்பாட்டுக் கருவி. விலை 4 டொலர். அதன் சிப்பைக் கம்பனி தானே வடிவமைத்தது. மிகச் சிறியதாகையால் ஒரு சிலிக்கன் தகட்டிற் பல்லாயிரக் கணக்கில் அடங்கும். அதற்கு வேண்டிய சிறிதளவு செயல்நினைவகமும் சிப்பினுள்ளேயே இருந்தது. வெளியாரிடம் அந்தச் செயல்நினைவகத்தை வாங்கத் தேவையில்லை.

இந்த இறுதி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டே 2025 இன் விலையேற்றத்துக்குத் திரும்பவேண்டும். இம்முறை ஆலை எரியவில்லை, கப்பல் தாமதிக்கவில்லை, செயலிக்கும் தட்டுப்பாடில்லை. ஏறியது நினைவகத்தின் விலை. உலகின் நினைவகச் சிப்களிற் பெரும்பங்கைச் செய்வோர் மூவர்: தென்கொரியாவின் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் மாபெருங் கணினிக் கூடங்கள் மிகுவேக நினைவகத்தை வரம்பின்றி வாங்கத் தொடங்கின. அடுக்கடுக்காய்க் கட்டப்படும் அவ்வகை நினைவகம் ஏராளமான சிலிக்கனை விழுங்கும். இலாபமும் அதிலேதான் மிகுதி. ஆகவே மூவரும் தங்கள் ஆலைகளை அப்பக்கம் திருப்பினர். தொலைபேசிக்கும் சிறு கணினிக்கும் வேண்டிய சாதாரண நினைவகம் குறைந்தது. 2025 டிசம்பரிலே மைக்ரோன், பொதுமக்களுக்கு நேரே விற்று வந்த தனது குரூசியல் வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது.

நெல் விளைந்த வயலிற் பணப்பயிர் ஏறினாற் சோற்றுக்கு விலை கூடும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஈண்டு நிகழ்ந்ததும் அதுவே. நூறு கோடிக் கணக்கான டொலர் முதலீட்டோடு வரும் ஒருவனும், வகுப்பறைக்கு இருபது பலகை வாங்க வரும் ஆசிரியனும் ஒரே பண்டத்துக்குப் போட்டியிடுகின்றனர். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. முன்னவனுக்குப் பின்னவன் உளன் என்பதே தெரியாது.

விலைப் பட்டியலை மீண்டும் பார்த்தால் இது தெளிவாகும். ஐந்தாம் மொடலின் எல்லாப் பலகைகளிலும் செயலி ஒன்றே. நினைவகம் கூடக்கூட உயர்வும் கூடுகிறது: 4 ஜிகாபைட்டுக்கு 10 டொலர், 8 க்கு 15, 16 க்கு 25. கம்பனி தன் பங்கை உயர்த்திக்கொண்டது என்று சொல்வதற்கு இப்பட்டியல் இடந்தரவில்லை. அதன் கையில் இருந்த ஒரே வழி நினைவகத்தைக் குறைப்பது. அதே நாளில் 1 ஜிகாபைட் மட்டுமே கொண்ட ஐந்தாம் மொடற் பலகை ஒன்று 45 டொலருக்கு அறிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜிகாபைட் பெருஞ் செல்வம். முதற் பலகையில் இருந்தது அதன் காற்பங்கே. இன்றைய இணைய உலாவிக்கோ அது ஒரு கவளம். எனினும் நிரல் எழுதிப் பழகுவதற்கும், ஆலைக் கருவி ஒன்றை ஆட்டுவிப்பதற்கும் அது தாராளம். சிக்கனமாய் எழுதும் கலையை மறந்துவிட்ட நிரலாளர் அதனை மீண்டும் கற்க நேர்ந்தால், இவ்விலையேற்றத்தால் விளைந்த நன்மை அதுவொன்றாகவே இருக்கும்.

தொழிலுக்கு இப்பலகையை வாங்குவோர் தம் கணக்கை வேறுவிதமாய்ப் போடத் தொடங்கவேண்டும். பலகை இத்தனை டொலர் என்று ஓராண்டுக்கு முன்பே விலை சொல்லி ஒப்பந்தம் எழுதியவர், உயர்வைத் தம் கையிலிருந்தே கட்டவேண்டியவராவர். ஒவ்வொரு மொடலும் எந்த ஆண்டுவரை செய்யப்படும் என்று கம்பனி வாக்களிக்கிறது. அவ்வாக்கு இதுவரை பெரும்பாலும் காக்கப்பட்டும் வந்துள்ளது. ஆனால் எந்த விலையில் என்று அது வாக்களித்ததில்லை, வாக்களிக்கவும் இயலாது.

நினைவக விலையின் நெருக்கடி வேதனையானதே ஆயினும் முடிவில் நீங்கிவிடும், நீங்கியதும் உயர்வுகளைத் திரும்பப் பெறுவோம் என்பது 2025 டிசம்பரில் அப்டன் கூறியதன் சாரம். நினைவகச் சந்தையின் வரலாறு பெருக்கமும் வறட்சியும் மாறிமாறி வருவது. ஆகையால் அவர் கூற்று ஆதாரமற்றதன்று. எனினும் 2021 இல் தற்காலிகமென்று சொல்லி 45 டொலராக உயர்த்தப்பட்ட நான்காம் மொடலின் 2 ஜிகாபைட் பலகை, சிப் பஞ்சம் தீர்ந்து ஈராண்டு கழிந்த பின்னரும், 2025 டிசம்பரில் அதே 45 டொலருக்கே விற்கப்பட்டது.